முதல் அல்ட்ராலைட் வாங்குகிறவருக்கு: விமானம் கடைசியில்தான்

கேள்வி இதுதான்: உசிலம்பட்டிப் பக்கம் ஆறு ஏக்கர் நிலம் இருக்கிறது. இரண்டு பேர் உட்காரும் பழைய அல்ட்ராலைட் (எடை குறைந்த சிறிய விமானம்) ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. அதை வாங்கி, நிலத்திலேயே ஓடுபாதை போட்டுப் பறக்கலாமா? எங்கிருந்து தொடங்குவது?

முதலில், அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். நடக்காத காரியம் என்று சொல்ல வரவில்லை. வரிசை மாறக் கூடாது என்றுதான் சொல்கிறேன். உடல்தகுதிச் சான்று, பயிற்சி, இறங்கி ஏற இடம், எரிபொருள், நிறுத்தி வைக்க ஷெட், இவை ஐந்துக்கும் வழி பார்த்த பிறகுதான் விமானம். இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்கிறவர்களின் விமானம் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தே வீணாகும். துணி வெயிலில் நைந்துபோகும், ரப்பர் ஹோஸ் வெடித்துவிடும், கார்புரேட்டருக்குள் பெட்ரோல் காய்ந்து பிசின் பிடிக்கும். ஒரு மணி நேரம்கூடப் பறக்காமலே எஞ்சின் ஓவர்ஹாலுக்கு வந்து நிற்கும்.

யூடியூபில் அமெரிக்கக்காரர்கள் லைசென்ஸ் இல்லாமல் வயலிலிருந்து பறப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது அவர்களுடைய பார்ட் 103 விதி. 1982-இல் வந்தது. ஒரே ஆள், வெற்று எடை சுமார் 115 கிலோவுக்குள், 19 லிட்டர் டேங்க், மணிக்கு 102 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. இந்த வரம்புக்குள் இருந்தால் பதிவும் வேண்டாம், லைசென்ஸும் வேண்டாம். இந்தியாவில் அப்படி ஒரு சலுகை கிடையாது. இங்கே மைக்ரோலைட்டும் (அல்ட்ராலைட்டை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள்) விமானம்தான். வி.டி. என்று தொடங்கும் பதிவு எண், பறக்கத் தகுதிச் சான்று, ஓட்டுகிறவருக்கு லைசென்ஸ், மூன்றாம் நபர் இன்சூரன்ஸ், வானொலி செட்டுக்குத் தனி அனுமதி, எல்லாமே உண்டு. பழைய 1934 சட்டத்துக்குப் பதிலாக பாரதிய வாயுயான் அதிநியம் 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. விண்ணப்பங்கள் டி.ஜி.சி.ஏ. எனப்படும் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் இ-ஜி.சி.ஏ. இணையதளம் வழியாகப் போகின்றன. பதிவுக்கான படிவம் சிஏ-28. வெளிநாட்டிலிருந்து இறக்குமதி என்றால் உள்துறையின் பாதுகாப்பு ஒப்புதல், சுங்கம் என்று வேலை இன்னும் நீளும். முதல்முறை வாங்குகிறவர் ஏற்கெனவே இந்தியப் பதிவில் இருக்கும் விமானத்தைப் பார்ப்பதே நல்லது. அதிலும் தகுதிச் சான்று காலாவதியாகிப் பல வருடம் ஆனது என்றால், பறக்கும் விமானத்தின் விலையைக் கொடுக்காதீர்கள். உதிரிபாக விலைக்குப் பேசுங்கள்.

முதல் செலவு மருத்துவப் பரிசோதனையாக இருக்கட்டும். டி.ஜி.சி.ஏ. பட்டியலில் உள்ள மருத்துவரிடம் கிளாஸ் 2 சான்று எடுங்கள். இன்சுலின் போடுகிறவர்கள், வலிப்பு வந்தவர்கள், இதயக் கோளாறு உள்ளவர்களுக்கு இங்கேயே முட்டுக்கட்டை விழலாம். சில லட்சங்களைச் செலவழித்த பிறகு இது தெரியவரக் கூடாது. சான்று வந்த பிறகு மாணவர் லைசென்ஸ், பயிற்சி. மதுரையில் மைக்ரோலைட் கற்றுக்கொள்வதைவிட பெங்களூரு, மைசூருப் பக்கம் போய்த் தொடர்ச்சியாகச் சில வாரங்கள் தங்கிக் கற்பது பலன் தரும். வாரம் ஒருமுறை போய்வந்தால் முந்தின வாரம் கற்றதை மறுபடி கற்கவே நேரம் போய்விடும். எந்த வகை விமானம் வாங்கப் போகிறீர்களோ அதே வகையில் பயிற்சி எடுங்கள். காரணம் கீழே சொல்கிறேன்.

இனி நிலம். இதுதான் உங்கள் கேள்வியின் நடுமையம்.

ஆறு ஏக்கர் என்பது ஏறத்தாழ 24,300 சதுர மீட்டர். சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 156 மீட்டர். மூலைக்கு மூலை அளந்தாலும் 220 மீட்டர்தான் வரும். இப்போது விமானத்துக்கு எவ்வளவு வேண்டும் என்று பாருங்கள். 80 குதிரைசக்தி எஞ்சின் உள்ள ஒரு இரட்டை இருக்கை விமானத்தின் கையேட்டில் 15 மீட்டர் உயரத் தடையைத் தாண்ட 250 மீட்டர் என்று போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்தக் கணக்கு 15 டிகிரி வெப்பம், கடல்மட்டம், தார் ஓடுபாதைக்கானது. பிரிட்டிஷ் விமானத் துறை சிறிய விமானங்களுக்குச் சொல்லும் பெருக்கல் முறை எளிது: ஒவ்வொரு 10 டிகிரிக்கும் 10 சதவீதம் கூட்டு, ஒவ்வொரு 1,000 அடி உயரத்துக்கும் 10 சதவீதம் கூட்டு, காய்ந்த புல் தரைக்கு 20 சதவீதம் கூட்டு, கடைசியில் வரும் தொகையைப் பாதுகாப்புக்காக 1.33-ஆல் பெருக்கு. மதுரை விமான நிலையத்தின் உயரம் சுமார் 460 அடி. சித்திரை வெயிலில் 40 டிகிரி என்று வைத்தால் 250 மீட்டர் என்பது வெப்பத்தால் 318 ஆகிறது, உயரத்தால் 333, புல்லால் 400. பாதுகாப்பையும் சேர்த்தால் 530 மீட்டர். விடியற்காலை 25 டிகிரியில் இதே கணக்கு 460 மீட்டரில் நிற்கும். உசிலம்பட்டி மதுரையைவிட மேடு என்பதால் இன்னும் கொஞ்சம் கூடும். இரண்டு பேர், டேங்க் நிறையப் பெட்ரோல் என்றால் இந்த நீளத்தைக் குறைக்க வழியே இல்லை.

அந்த 40 டிகிரிப் பகலில் மதுரைக் காற்றின் அடர்த்தி 3,500 அடிக்கு மேலான உயரத்தில் இருக்கும் அடர்த்திதான். தரையில் நின்றுகொண்டே கொடைக்கானலில் பாதி உயரத்துக்கு ஏறிவிட்டதாக இறக்கையும் எஞ்சினும் ப்ரொப்பெல்லரும் நடந்துகொள்ளும். எஞ்சின் சக்தியை அளக்கும் டைனாமோமீட்டரில் காட்டிய குதிரைசக்தியை நம்பி மத்தியானம் கிளம்புகிறவர்கள் பனைமரத்தைத் தாண்ட முடியாமல் திணறுவது இதனால்தான்.

ஆகவே உங்களுக்குத் தேவை சதுர நிலமல்ல, நீள நிலம்: 550 மீட்டருக்கு 30 மீட்டர், அதாவது நாலு ஏக்கருக்குச் சற்று மேல். பக்கத்து நிலக்காரர்களோடு எழுத்தில் குத்தகை பேசினால் முடியலாம். திசை கிழக்கு மேற்காக இருக்க வேண்டும். மதுரை விமான நிலையத்தின் ஓடுபாதையும் அப்படித்தான் கிடக்கிறது; மேல்காற்றும் கீழ்க்காற்றும் மாறி மாறி ஆளும் ஊர் இது. இரு முனையிலும் தடை இருக்கிறதா என்று பார்க்க 20-க்கு 1 என்ற சரிவை வைத்துக்கொள்ளுங்கள்: 10 மீட்டர் மின்கம்பம் முனையிலிருந்து 200 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும், 20 மீட்டர் பனை 400 மீட்டர் தள்ளி. மரத்தைவிட மின்கம்பிதான் ஆபத்து, ஏனென்றால் மேலிருந்து கம்பி தெரியாது, கம்பம்தான் தெரியும். நிலத்தைச் சுற்றியுள்ள ஒவ்வொரு கம்பத்தையும் நடந்து போய் வரைபடத்தில் குறியுங்கள்.

மண்ணும் முக்கியம். திருமங்கலம், கள்ளிக்குடிப் பக்கத்துக் கரிசல் ஓடுபாதைக்கு ஆகாது. கோடையில் கைவிடுகிற அளவு வெடிப்பு விழும். மூக்குச் சக்கரம் அதில் இறங்கினால் முன்கால் முறியும். மழையில் அதே மண் சக்கரத்தில் அப்பி உருளவிடாது. செம்மண், சரளை கலந்த மண் நல்லது, ஆனால் மேலே உதிரிக் கல் இருக்கக் கூடாது. ப்ரொப்பெல்லர் கல்லை உறிஞ்சித் தன் நுனியிலேயே அடித்துக்கொள்ளும். சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்கி, சமன்படுத்தி, ரோலர் ஓட்டி, நடுவில் மேடாகவும் இரு பக்கமும் 2 சதவீதம் சரிவாகவும் விடுங்கள். 20 மீட்டர் அகலப் பாதையில் நடுமேடு 20 சென்டிமீட்டர் உயரம் வரும். மேலே அருகம்புல் படர்ந்தால் அதைவிட நல்ல தளம் வேறில்லை, மண்ணையும் பிடிக்கும், தூசியையும் அடக்கும். கருவேல முள்ளுக்கு டியூப்பில் சீலண்ட் ஊற்றி வையுங்கள். காலையில் மயில்கள் பாதையில் மேயும், ஆடு மாடு குறுக்கே வரும். ஒவ்வொரு முறையும் கிளம்பும் முன் ஒருவர் பாதை முழுக்க டூவீலரில் போய்வர வேண்டும்.

சொந்த நிலம் என்பதால் அனுமதி வேண்டாம் என்று நினைக்காதீர்கள். மாவட்ட ஆட்சியர், காவல்துறை இருவரின் தடையில்லாக் கடிதமும் வேண்டும். அது போக ஒவ்வொரு பறப்புக்கும் ஃப்ளைட் பிளான், வான்பாதுகாப்பு ஒப்புதலான ஏ.டி.சி. எண், சென்னை தகவல் மையத்தின் எஃப்.ஐ.சி. எண் வாங்க வேண்டும். மதுரை விமான நிலையத்தின் கட்டுப்பாட்டு வான்வெளி எதுவரை என்பதை வரைபடத்தில் பார்த்துவிட்டே இடத்தை முடிவு செய்யுங்கள். தஞ்சாவூரில் விமானப்படை, உச்சிப்புளியில் கடற்படை விமானத்தளம் இருப்பதும் நினைவில் இருக்கட்டும். வி.ஐ.பி. வருகை நாட்களில் மைக்ரோலைட், பாராகிளைடர், டிரோன் எல்லாவற்றுக்கும் சேர்த்துத் தடை போடுவது வழக்கம். இறங்கும்போதும் ஏறும்போதும் தவிர, தரைக்கு மேல் 500 அடி, ஊர் நெருக்கத்துக்கு மேல் 600 மீட்டர் ஆரத்துக்குள் இருக்கும் உயரமான கட்டடத்துக்கு மேல் 1,000 அடி என்பது குறைந்தபட்சம்.

எரிபொருளைப் பற்றி விற்கிறவர் பெரும்பாலும் பேசவே மாட்டார், ஆனால் இன்று இதுதான் தலைவலி. பெட்ரோல் பங்கில் கிடைப்பது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அல்ட்ராலைட்களில் பரவலாகப் பொருத்தப்படும் ரோட்டாக்ஸ் 912 வரிசை எஞ்சினுக்கு எத்தனால் 10 சதவீதத்துக்கு மேல் கூடாது. எத்தனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து டேங்கின் அடியில் தனியாகப் பிரியும், எஞ்சினுக்கு முதலில் போவது அதுதான். பழைய ரப்பர் ஹோஸை உப்பவைக்கும், சில ஃபைபர் டேங்குகளின் பிசினை இளக்கும், வெயில் நேரத்தில் குழாயிலேயே ஆவியாகி அடைக்கும். எத்தனால் இல்லாதது என்று சொல்லி விற்கும் உயர் ஆக்டேன் பெட்ரோலையும் ஒவ்வொரு கேனாகச் சோதியுங்கள். 100 மி.லி. அளவுக் குழாயில் 10 மி.லி. தண்ணீர், 90 மி.லி. பெட்ரோல் ஊற்றி, மூடிக் குலுக்கி, ஐந்து நிமிடம் வையுங்கள். கீழே உள்ள தண்ணீர் மட்டம் 10-லேயே நின்றால் எத்தனால் இல்லை. இ20 என்றால் மட்டம் ஏறத்தாழ மூன்று மடங்காக ஏறுவது கண்ணுக்கே தெரியும்.

இன்னொரு வழி ஏவ்கேஸ் 100எல்எல் என்ற விமானப் பெட்ரோல். இந்தியன் ஆயில் 2022 முதல் இதை வதோதராவில் தயாரிக்கிறது. எஞ்சினுக்குப் பிரச்சினை இல்லை, ஆனால் இதில் ஈயம் இருக்கிறது. ரோட்டாக்ஸ் 912-இல் கியர்பாக்ஸும் அதே எண்ணெயில்தான் ஓடுகிறது, ஈயக் கசடு அங்கே படியும். ஆகவே எண்ணெய் மாற்றும் இடைவெளியைப் பாதியாக்க வேண்டும். பீப்பாயாக வாங்கி வைக்க நினைத்தால், 30 லிட்டருக்கு மேல் பெட்ரோல் சேமிக்க பெசோ எனப்படும் வெடிபொருள் பாதுகாப்புத் துறையின் லைசென்ஸ் வேண்டும். 912 எஞ்சின் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 15 லிட்டர் குடிக்கும். 30 லிட்டர் என்பது இரண்டு மணி நேரம் மட்டுமே. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் எங்கே எப்படி நிரப்புவது என்று முடிவெடுக்க வேண்டும்.

விமான வகைக்கு வருவோம். இரண்டு முக்கிய வகை: தொங்கும் இறக்கையை உடல் எடையால் சாய்த்து ஓட்டும் டிரைக், வழக்கமான ஸ்டிக்கும் ரடரும் உள்ள மூன்றச்சு விமானம். டிரைக் விலை குறைவு, இறக்கையை மடித்து வண்டியில் ஏற்றலாம். ஆனால் கட்டுப்பாடு நேர்மாறானது: குறுக்குக் கம்பியை முன்னால் தள்ளினால் மூக்கு மேலே போகும், தரையில் வலது காலை அழுத்தினால் இடப்பக்கம் திரும்பும். ஸ்டிக் பழகிய கை அவசரத்தில் பழைய பழக்கத்துக்கே போய்விடும். வாங்கும் வகையிலேயே பயிற்சி எடுங்கள் என்று மேலே சொன்னது இதற்காகத்தான். மதுரைப் பகலின் கொதிகாற்று டிரைக்கைத் தூக்கிப் போட்டு ஆட்டும், கைவலு வேண்டும். உங்கள் இடத்துக்கு மூன்றச்சு விமானமே சரி என்பது என் தீர்ப்பு.

எஞ்சினில் சந்தேகமே வேண்டாம், ரோட்டாக்ஸ் 912-க்குப் போங்கள். அதே ரோட்டாக்ஸின் டூ ஸ்ட்ரோக் 582-இன் 65 குதிரைசக்தி கவர்ச்சியாகத் தெரியும், எடையும் குறைவு. ஆனால் 300 மணி நேரம் ஓடியதும் ஓவர்ஹால். 912-க்கு அது 2,000 மணி நேரம் வரை, வருடக் கணக்கும் தனியாக உண்டு. 582-இல் 20 லிட்டருக்கு 400 மி.லி. எண்ணெய் கலக்கும் வேலை இருக்கும். குளிர்ந்த எஞ்சினில் முழு த்ராட்டில் கொடுத்தால் பிஸ்டன் சிலிண்டரைவிட வேகமாக விரிந்து பிடித்துக்கொள்ளும். நீண்ட நேரம் ஐடிலில் இறங்கி வந்து திடீரென்று முழுச் சக்தி கொடுத்தாலும் இதே கதிதான், அதுவும் தரைக்குப் பக்கத்தில். 912-க்கும் எண்ணெய் 50 டிகிரி தொடும் வரை காத்திருந்தே கிளம்ப வேண்டும்.

பழையதைப் பார்க்கப் போகும்போது விமானத்தை விட்டுவிட்டு முதலில் லாக்புக்கைத் திறவுங்கள். மணிக்கணக்கை மட்டும் பார்க்காதீர்கள், தேதிகளைப் பாருங்கள். குறைவான மணி, நீண்ட வருடம் என்றால் அது நிறுத்தியே கெட்ட எஞ்சின். 912-இன் ரப்பர் ஹோஸ், கார்புரேட்டர் சாக்கெட், எரிபொருள் பம்ப் எல்லாம் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியவை. மாற்றியதற்குப் பில் கேளுங்கள். இல்லையென்றால் அந்தச் செலவை விலையில் கழியுங்கள்.

பிறகு எஞ்சின். இக்னிஷன் சுவிட்ச் இரண்டும் ஆஃப் என்பதை உறுதிசெய்து, எண்ணெய் டேங்க் மூடியைத் திறந்து வைத்து, ப்ரொப்பெல்லரைக் கையால் அது சுழலும் திசையில் மட்டும் மெதுவாகச் சுற்றுங்கள். பின்னோக்கிச் சுற்றினால் எண்ணெய் வழியில் காற்று புகும். சுற்றும்போது நான்கு சிலிண்டரின் எதிர்ப்பும் ஒரே அளவாகக் கைக்குத் தெரிய வேண்டும். ஒன்று மட்டும் தளர்ந்தால் வால்வோ ரிங்கோ போயிருக்கிறது. கொஞ்சம் சுற்றியதும் டேங்கிலிருந்து களக் என்று குமிழ்ச் சத்தம் வரும். எஞ்சினில் கிடந்த எண்ணெய் டேங்குக்குத் திரும்பிவிட்டது என்று அர்த்தம், அதன் பிறகு அளவுக் கோலைப் பார்த்தால்தான் உண்மையான மட்டம். கார்புரேட்டர் கிண்ணத்தைக் கழற்றி இரண்டு மிதவையையும் நகைத் தராசில் போடுங்கள். இரண்டும் சேர்ந்து 7 கிராமைத் தாண்டினால் பெட்ரோலை உறிஞ்சிவிட்டன. மிதக்காத மிதவை எஞ்சினை நிரப்பி மூச்சுத் திணற வைக்கும்.

கட்டுமானத்தில் கம்பிகளை விரலால் தடவாதீர்கள், பருத்தித் துணியால் துடைத்தபடி போங்கள். ஒரு இழை அறுந்திருந்தாலும் துணி மாட்டும். அலுமினியக் குழாயில் வெள்ளைப் பொடி தெரிந்தால் அரிப்பு; கடற்கரை ஊரில் நின்ற விமானம் என்றால் குழாயின் உள்பக்கத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள். எஞ்சின் தாங்கி, சக்கரக் கால் சேரும் இடம், இறக்கைத் தாங்கியின் போல்ட் துளை, இந்த மூன்றிலும் லென்ஸ் வைத்து விரிசல் தேடுங்கள். துளை முட்டை வடிவமாகியிருந்தால் வாங்காதீர்கள். துணி பார்க்கப் பளபளப்பாக இருந்தாலும் வெயிலில் வலு போயிருக்கலாம், அதற்கான பெட்ஸோமீட்டர் சோதனையைக் கேட்டு, இறக்கையின் மேல்பக்கத்தில் செய்யச் சொல்லுங்கள். தயாரித்த நிறுவனம் இப்போது இயங்குகிறதா என்பதும் ஒரு கேள்வி. பெங்களூரு ராஜ் ஹம்ஸாவின் எக்ஸ்-ஏர் போல இந்தியாவில் பரவலாகப் பறந்த வகையென்றால் பழக்கமான மெக்கானிக் கிடைப்பார். எங்கோ ஒன்றே ஒன்று வந்த வெளிநாட்டு மாடல் என்றால் ஒரு போல்ட்டுக்குக்கூட மாதக்கணக்கில் காத்திருக்க நேரும்.

ஷெட்டுக்கு நல்ல கூரை, மூன்று பக்கச் சுவர், கதவு. குளவி பிட்டோ குழாயில் (வேகமானிக்குக் காற்று போகும் குழாய்) மண்கூடு கட்டும். அதனால் வேகமானி பூஜ்யத்திலேயே நிற்கும் அல்லது தப்பாகக் காட்டும். சிவப்பு நாடா தொங்கும் உறையைப் போட்டு மூடுங்கள். எலி ஹோஸைக் கடிக்கும், அணில் காற்றுவடிகட்டிக்குள் பஞ்சு அடைக்கும். வெளியே நிறுத்த நேர்ந்தால் மூன்று இடத்தில் தரை ஆணியில் கட்டுங்கள். கோடைமழைக்கு முன் வரும் சுழல்காற்று பத்து நிமிடத்தில் புரட்டிவிடும்.

உசிலம்பட்டிக்கே உரிய ஒரு விஷயம்: ஆண்டிபட்டிக் கணவாய்க்கு கிழக்கே இருக்கிறீர்கள். ஆனி முதல் ஆவணி வரை மேல்காற்று அந்த மலைகளைத் தாண்டி உங்கள் பக்கம்தான் சுருண்டு இறங்கும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்ற ஊரில் அந்த மூன்று மாதத்தைப் பராமரிப்புக்கு ஒதுக்குங்கள். தை முதல் பங்குனி வரையான காலைகள் அருமையானவை, தையில் மட்டும் பனிமூட்டம் விலகும் வரை பொறுக்க வேண்டும். எந்த மாதமானாலும் ஒன்பது மணிக்குள் இறங்கிவிடுங்கள்.

லைசென்ஸ் வந்து முதல் பத்து மணி நேரம் பின்சீட்டில் யாரையும் ஏற்றாதீர்கள், பக்கக் காற்றின் வேகம் 5 நாட், அதாவது மணிக்கு சுமார் 9 கிலோமீட்டருக்கு மேல் இருந்தால் கிளம்பாதீர்கள். எஞ்சின் நின்றால் எங்கே இறங்குவது என்பதைத் தரையில் நடந்தே பார்த்து வையுங்கள். தண்ணீர் கட்டிய நஞ்சையில் சக்கரம் புதைந்து குப்புறக் கவிழும். அறுத்த வயல் மேலிருந்து சமமாகத் தெரியும், ஆனால் இருபது முப்பது மீட்டருக்கு ஒரு வரப்பு. தென்னந்தோப்பை விட்டுவிடுங்கள். வற்றிய கண்மாயின் உள்வாய் நல்ல இடம், கருவேலம் மண்டாமல் இருந்தால். உழுத புஞ்சை என்றால் உழவுசாலோடு இறங்குங்கள், குறுக்கே அல்ல. கண்மாய்க்குள் போன தண்ணீரும் முளைத்த பயிரும் மாதத்துக்கு மாதம் மாறும் என்பதால் இந்த நடையை ஒவ்வொரு பருவத்திலும் திரும்ப நடக்க வேண்டும்.